கடிகாரத்தோடு எண் புதிர்: ஆன்லைன் நேர வரம்பைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

ஆன்லைனில் எண் புதிர் விளையாடுகிறவர்கள் நேரம் முடிந்து தோற்கும்போது, தமக்கு வேகமாக யோசிக்க வரவில்லை என்றே பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதே என் உறுதியான கருத்து. நீங்கள் ஆடிய ஒரு சுடோகுவைத் திரைப்பதிவு செய்து நிதானமாகத் திரும்பப் பாருங்கள். யோசித்து முடிவெடுத்த நேரம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அடுத்து எங்கே பார்ப்பது என்று கண் அலைந்த நேரமும், எங்கோ தவறாகப் போட்ட எண்ணைத் தேடிப்பிடித்து அழித்த நேரமும்தான் மீதியை விழுங்கியிருக்கும். தேடலும் பழுதுபார்ப்பும் குறைந்தாலே போதும்; மூளையை அவசரப்படுத்தத் தேவையில்லை.

சுடோகு, ககுரோ, கென்கென், கில்லர் சுடோகு, இலக்கு எண் கணக்கு, 2048 என்று எதை ஆடினாலும் இந்த வழிகாட்டி பொருந்தும். பல எடுத்துக்காட்டுகள் சுடோகுவிலிருந்து வருகின்றன. அதைத்தான் மிகப் பலர் ஆடுகிறார்கள்.

படி 1: எந்த வகைக் கடிகாரம் என்று முதலில் பாருங்கள்

நேர வரம்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகைகள் உண்டு. ஒன்றுக்கு ஏற்ற ஆட்டமுறை இன்னொன்றில் கைகொடுக்காது.

எளிமையானது ஏறுமுகக் கடிகாரம். பூஜ்யத்தில் தொடங்கி ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரமானாலும் ஆட்டம் நிற்காது. இது வரம்பு அல்ல, வெறும் அளவீடுதான். இருந்தும் பலர் இதைப் பார்த்துத்தான் அதிகம் பதறுகிறார்கள். தரவரிசையில் உங்களுக்கு அக்கறை இல்லையென்றால், அமைப்புகளுக்குள் போய் டைமரை மறைத்துவிடுங்கள். நல்ல செயலிகள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது.

அடுத்தது இறங்குமுகக் கடிகாரம். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். தீர்ந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். இதில் ஒன்பது நிமிடத்தில் முடித்தாலும் நான்கு நிமிடத்தில் முடித்தாலும் வெற்றி ஒன்றுதான் என்றால், வேகத்தைவிடப் பிழையின்மையே முக்கியம். மிச்சமாகும் விநாடிகளுக்குக் கூடுதல் புள்ளி உண்டு என்றால் நிலைமை வேறு. விதிப் பக்கத்தில் இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு சரியான விடைக்கும் சில விநாடிகளைத் திருப்பித் தரும் கடிகாரம். இதன் கணக்கைப் புரிந்துகொண்டவர்களுக்கும் புரியாதவர்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதால், கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். தொடக்கத்தில் 60 விநாடி, ஒவ்வொரு சரியான விடைக்கும் 4 விநாடி கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விடைக்கு நீங்கள் சராசரியாக 6 விநாடி எடுத்தால், ஒவ்வொரு கேள்வியிலும் 2 விநாடி நிகர இழப்பு. சுமார் 30 விடைகளில் கணக்குத் தீர்ந்துவிடும். சராசரி 5 விநாடியாகக் குறைந்தால் இழப்பு ஒரு விநாடிதான். 60 விடைகள் வரை போகலாம். ஒரே ஒரு விநாடி முன்னேற்றம் ஆட்டத்தை இரட்டிப்பாக்குகிறது. சராசரி 4 விநாடியைத் தொட்டுவிட்டால், கேள்விகள் கடினமாகாதவரை கடிகாரம் உங்களை வெளியேற்றவே முடியாது. இதே கணக்கில் மறுபக்கமும் இருக்கிறது. 6 விநாடிக்காரர் ஒரே கேள்வியில் 20 விநாடி நின்றுவிட்டால், வழக்கமான இழப்பைவிட 14 விநாடி கூடுதலாகப் போகிறது. ஏழு கேள்விகள் அங்கேயே போயின. ஆகவே இந்தக் கடிகாரத்தில் கடினமான கேள்வியோடு மல்லுக்கட்டுவது கூடாது. 'தவிர்' பொத்தான் இருந்தால் தயங்காமல் அழுத்துங்கள்.

நான்காவது, ஒவ்வொரு நகர்வுக்கும் தனி வரம்பு. இருவர் மாறி மாறி ஆடும் எண் விளையாட்டுகளில் இது வரும். எதிராளி யோசிக்கும் நேரமும் உங்களுடையதுதான். அப்போதே அடுத்த இரண்டு நகர்வுகளைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, போட்டிக் கடிகாரம். பல புதிர்கள், ஒரே மொத்த நேரம். இதற்குத் தனியாகத் திட்டம் வேண்டும் என்பதால் பின்னால் வருகிறேன்.

படி 2: தொடங்கும் முன் விதிகளில் இவற்றைத் தேடிப் பாருங்கள்

தவறான எண்ணைப் போட்டால் என்ன நடக்கிறது? சில விளையாட்டுகள் உடனே சிவப்பாகக் காட்டி அபராத விநாடிகளைச் சேர்க்கும். சிலவற்றில் மூன்று தவறு செய்தால் ஆட்டமே முடிந்துவிடும். இன்னும் சில, கடைசிக் கட்டம் நிரம்பும்வரை வாயே திறக்காது. இந்த மூன்றில் நீங்கள் எதில் ஆடுகிறீர்கள் என்பது, ஊகிக்கலாமா கூடாதா என்பதையே தீர்மானிக்கிறது.

உதவிக் குறிப்பு கேட்டால் எவ்வளவு அபராதம்? ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்க முடியுமா? நிறுத்தினால் பெரும்பாலும் கட்டங்கள் மறைக்கப்படும். நிறுத்திவிட்டு யோசிக்கலாம் என்று திட்டமிட வேண்டாம். போட்டிகளில் நிறுத்தும் வசதியே இருக்காது.

நேரத்தைக் கணக்கிடுவது உங்கள் கருவியா, சர்வரா? இதைப் பலரும் கவனிப்பதில்லை. பிரவுசரில் வேறொரு டேபுக்கு மாறிவிட்டால், பின்னால் இருக்கும் டேபின் டைமர்களை பிரவுசர் வேண்டுமென்றே மெதுவாக்கும். மின்சக்தியைச் சேமிக்கத்தான் இந்த ஏற்பாடு. குரோம் பிரவுசரில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே இயங்கும் அளவுக்கு இது போகும். சரியாக எழுதப்பட்ட விளையாட்டு, தொடங்கிய நேரத்தை வைத்து மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளும். அப்படி எழுதப்படாத ஒன்றில் திரையில் தெரியும் கடிகாரம் பின்தங்கிவிடும். சர்வரில் உண்மையான நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிட்டதாக அறிவிப்பு வந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். நேர வரம்புள்ள ஆட்டத்தின்போது டேப் மாறாதீர்கள். மாறிவிட்டால், பக்கம் கையோடு நேரத்தைச் சரிசெய்துகொண்டதா என்று பாருங்கள்.

தினசரிப் புதிர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நாள் எப்போது மாறுகிறது? சில விளையாட்டுகள் உங்கள் ஊர் நள்ளிரவைப் பின்பற்றும். சில, உலகப் பொது நேரப்படி மாறும். தொடர் வெற்றிக் கணக்கைக் காத்து வருகிறவர்களுக்கு இது மிக முக்கியம்.

படி 3: கையைப் பழக்குங்கள்

எண்ணை உள்ளிட இரண்டு வழிகள் உண்டு. கட்டத்தைத் தொட்டுவிட்டு எண்ணைத் தொடுவது ஒன்று. எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டு அது போக வேண்டிய கட்டங்களையெல்லாம் வரிசையாகத் தொடுவது மற்றொன்று. ஐந்து கட்டங்களில் 7 போட வேண்டுமானால் முதல் வழியில் பத்துத் தொடுதல், இரண்டாவதில் ஆறுதான். பல செயலிகளில் எண்ணைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அது தேர்வாகி நின்றுவிடும். ஆரம்பத்தில் எண்வாரியாகவும், கடைசியில் கட்டவாரியாகவும் மாறி மாறிப் பயன்படுத்துவதே சிறந்தது.

கணினியில் ஆடுகிறவர்கள் மவுஸை விட்டுவிட்டு அம்புக்குறி விசைகளுக்குப் பழகுங்கள். சாத்தியமான எண்களைக் கட்டத்துக்குள் சிறிதாகக் குறித்துவைக்கும் குறிப்பு முறைக்கு மாறும் விசை எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு சிறிய சங்கதி: கணினி விசைப்பலகையின் எண் பகுதியில் மேல் வரிசையில் 7, 8, 9 இருக்கும், தொலைபேசியின் எண் பலகையிலோ 1, 2, 3 மேலே இருக்கும். இரண்டு கருவிகளிலும் மாறி மாறி ஆடினால் விரல் தடுமாறும். போட்டிக்கு முந்தைய நாட்களில் ஒரே கருவியில் மட்டும் ஆடுங்கள்.

படி 4: உங்கள் உண்மையான வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

ஒரே கடினநிலையில் பத்துப் பதினைந்து புதிர்களை வரம்பில்லாமல் ஆடி, ஒவ்வொன்றின் நேரத்தையும் எழுதி வையுங்கள். அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் வேகம். மிகக் குறைந்த நேரத்தை உங்கள் வேகமாக எண்ணிக்கொண்டு திட்டமிட்டால், ஒவ்வொரு ஆட்டத்திலும் பின்தங்கியிருப்பதாகவே தோன்றும். அந்தப் பதற்றம் மேலும் தவறுகளைக் கொண்டுவரும்.

நேரத்தோடு இரண்டு விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை தவறு, எந்த இடத்தில் நீண்ட நேரம் நின்றீர்கள். தவறுகளே நேரத்தைத் தின்கின்றன என்றால் நீங்கள் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். தேக்கங்கள்தான் காரணம் என்றால் உங்களுக்கு ஏதோ ஓர் உத்தி தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஒரு சுடோகுவின் கடினத்தை, கொடுக்கப்பட்டிருக்கும் எண்களின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடாதீர்கள். ஒரே ஒரு விடை மட்டும் இருக்க வேண்டுமானால் குறைந்தது 17 எண்கள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை, டப்ளினைச் சேர்ந்த கணிதவியலாளர் கேரி மெக்வயரின் குழு 2012-ல் கணினி கொண்டு நிறுவியது. ஆனால் அப்படிப்பட்ட 17 எண் புதிர்களிலேயே மிக எளிமையானவை உண்டு. 26 எண்கள் கொடுத்தும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பவையும் உண்டு.

படி 5: தேடலுக்கு ஓர் ஒழுங்கு

வேகமாக ஆடுகிறவர்களின் ரகசியம் ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். அவர்கள் கண் அலைவதில்லை.

முதல் சுற்றில் எண்வாரியாகப் போங்கள். ஏற்கெனவே அதிகம் இடம்பெற்றிருக்கும் எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஐந்து முறை இருக்கும் எண்ணுக்கு மீதி நான்கு இடங்களைக் கண்டுபிடிப்பது, இரண்டு முறை மட்டும் இருக்கும் எண்ணைவிட எளிது. ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று மூன்று பெட்டிகளாகப் (3×3 கட்டங்கள் கொண்ட பகுதிகளாக) பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: மேலே உள்ள மூன்று பெட்டிகளில், இடப்பக்கப் பெட்டியில் 7 முதல் வரிசையில் இருக்கிறது; நடுப்பெட்டியில் 7 மூன்றாம் வரிசையில் இருக்கிறது. அப்படியானால் வலப்பக்கப் பெட்டியில் 7 இரண்டாம் வரிசையில்தான் வர முடியும். அங்கே மூன்று கட்டங்கள். அவற்றில் ஏழாவது நெடுவரிசைக் கட்டத்தில் ஏற்கெனவே 4 உட்கார்ந்திருக்கிறது. மீதி இரண்டில், ஒன்பதாவது நெடுவரிசையில் கீழே எங்கோ ஒரு 7 இருப்பதைக் கண் பார்த்துவிடுகிறது. எனவே எட்டாவது நெடுவரிசைக் கட்டத்தில் 7. சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளம்; பழகிய கண்ணுக்கு இது மூன்று விநாடி வேலை.

இப்போது பலர் செய்யும் தவறு: அந்த 7-ஐப் போட்டுவிட்டுத் திரையின் வேறு மூலைக்குப் போய்விடுகிறார்கள். போகக் கூடாது. புதிதாக ஓர் எண் விழுந்ததும் அந்த வரிசை, அந்த நெடுவரிசை, அந்தப் பெட்டி மூன்றும் மாறியிருக்கின்றன. அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காவிட்டால் விட்ட இடத்துக்குத் திரும்புங்கள்.

1 முதல் 9 வரை ஒரு சுற்று முடிந்ததும், எண்வாரித் தேடலை நிறுத்திவிட்டு, அதிகம் நிரம்பியிருக்கும் வரிசைகளையும் பெட்டிகளையும் பாருங்கள். ஆறு நிரம்பி மூன்று காலியாக இருக்கும் இடங்கள் முதலில். விடுபட்ட எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே பார்ப்பது உதவும்: "2, 5, 9… இந்தக் கட்டத்தில் 2 வராது, 9 வராது, ஆகவே 5."

படி 6: மனப்பாடமாக இருக்க வேண்டியவை

சில கணக்குகளை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது வீண். கொடுத்த கூட்டுத்தொகை வரும்படி, எண் திரும்ப வராமல் கட்டங்களை நிரப்பும் ககுரோவில், ஒரே ஒரு வழியில் மட்டும் அமையும் கூட்டுத்தொகைகள் உண்டு. இரண்டு கட்டங்களுக்கு: 3 என்றால் 1, 2; 4 என்றால் 1, 3; 16 என்றால் 7, 9; 17 என்றால் 8, 9. மூன்று கட்டங்களுக்கு: 6 என்றால் 1, 2, 3; 7 என்றால் 1, 2, 4; 23 என்றால் 6, 8, 9; 24 என்றால் 7, 8, 9. நான்கு கட்டங்களுக்கு: 10, 11, 29, 30 ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. இவற்றை அறிந்தவர் ககுரோ திறந்தவுடனேயே எங்கே தொடங்குவது என்று பார்த்துவிடுவார்.

கட்டங்களைக் கூண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூண்டுக்கும் கூட்டுத்தொகை மட்டும் தரும் கில்லர் சுடோகுவில் 45 என்ற எண்ணே ஆயுதம். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. எனவே ஒவ்வொரு வரிசைக்கும் பெட்டிக்கும் மொத்தம் 45. ஒரு பெட்டிக்குள் முழுமையாக அடங்கும் கூண்டுகளின் கூட்டுத்தொகை 38, ஒரு கட்டம் மட்டும் வெளியே நீளும் கூண்டைச் சேர்ந்தது என்றால், அந்தக் கட்டத்தில் 7. யோசனையே வேண்டாம்.

ஜப்பானிய ஆசிரியர் தெட்சுயா மியாமோட்டோ 2004-ல் உருவாக்கிய கென்கென்னில் ஒவ்வொரு கூண்டுக்கும் கூட்டல், பெருக்கல் போன்ற கணக்கின் விடை தரப்படும்; கட்டத்தின் அளவுக்கேற்ப எண்கள் மாறும். 6×6 கட்டத்தில் ஒவ்வொரு வரிசையின் மொத்தமும் 21. இரண்டு கட்டக் கூண்டில் பெருக்கல் 30 என்றாலும் கூட்டல் 11 என்றாலும் 5, 6 தவிர வேறில்லை.

படி 7: குறிப்புகளை அளவோடு எழுதுங்கள்

காலியான ஒவ்வொரு கட்டத்திலும் சாத்தியமான எல்லா எண்களையும் சிறிதாக எழுதிவைப்பது பாதுகாப்பானதாகத் தோன்றும். கடிகாரம் இருக்கும்போது அதன் விலையைப் பாருங்கள்: 55 காலிக் கட்டங்கள், கட்டத்துக்குச் சராசரியாக மூன்று எண்கள் என்றால் 165 தொடுதல்கள். விநாடிக்கு இரண்டு என்ற வேகத்தில் எழுதினாலும் 80 விநாடிக்கு மேல் போய்விடும். எழுதுவதற்கு மட்டும்!

உலக சுடோகு போட்டியில் 2007, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் வென்ற தாமஸ் ஸ்னைடரின் பெயரால் அறியப்படும் குறிப்பு முறை இதற்கு நல்ல மாற்று. ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்குச் சரியாக இரண்டே இடங்கள் இருந்தால் மட்டும் அந்த இரண்டிலும் குறித்துவையுங்கள். மூன்று இடங்கள் இருந்தால் எழுதாதீர்கள். திரை தெளிவாக இருக்கும். ஒரு குறிப்பு பொய்யானதும் மற்றது உண்மை என்று உடனே தெரியும். ஒரே பெட்டியில் இரண்டு எண்கள் அதே இரண்டு கட்டங்களைப் பிடித்துக்கொண்டால், அந்தக் கட்டங்களில் வேறெதுவும் வராது என்பதும் கண்ணில் படும்.

மிகக் கடினமான புதிர்களில் இது போதாது. முழுக் குறிப்பும் வேண்டியிருக்கும். தானாகக் குறிப்பு நிரப்பும் பொத்தான் இருந்து, அதற்கு அபராதம் இல்லையென்றால், எளிய இடங்களையெல்லாம் முடித்த பிறகு அதை அழுத்துங்கள்.

படி 8: ஊகிக்கலாமா?

ஊகிப்பது அழகல்ல என்று நினைக்கிறவர்கள் உண்டு. வரம்பில்லாத ஆட்டத்தில் நானும் அவர்கள் பக்கம்தான். தர்க்கத்தால் ஒரு கட்டத்தைத் திறப்பதில் உள்ள மகிழ்ச்சி ஊகத்தில் கிடையாது. நேரப் போட்டியில் இதைக் கணக்காகத்தான் பார்க்க வேண்டும்.

தவறை உடனே காட்டி 30 விநாடி அபராதம் போடும் விளையாட்டு என்று கொள்வோம். ஒரு கட்டத்தில் இரண்டு எண்களே சாத்தியம். ஊகித்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சராசரி இழப்பு 15 விநாடி. தவறாகிப்போனாலும் மற்றதுதான் சரி என்று தெரிந்துவிடும். தர்க்கத்தால் கண்டுபிடிக்க 40 விநாடி ஆகும் என்று தோன்றினால், ஊகமே மலிவு. மூன்று எண்கள் சாத்தியம் என்றால் சராசரியாக ஒரு தவறு நேரும். அதாவது 30 விநாடி. அங்கே ஊகம் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

மூன்று தவறுகளோடு ஆட்டம் முடியும் விளையாட்டில் கணக்கு மாறுகிறது. மூன்றாவது தவறு ஆட்டத்தையே முடித்துவிடும் என்பதால், செலவழிக்க உங்களிடம் இருப்பவை இரண்டுதான். அவற்றில் ஒன்று விரல் பிசகுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். மீதி ஒன்றை ஆட்டத்தின் பிற்பகுதியில், உண்மையாகவே தேங்கும் ஓரிடத்தில் பயன்படுத்தலாம். தொடக்கத்திலேயே ஊகித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

கடைசிவரை தவறைக் காட்டாத விளையாட்டில் ஊகம் பேராபத்து. இருபது கட்டங்கள் கடந்த பிறகு ஒரே வரிசையில் இரண்டு 6 நிற்கும்; எங்கே தடம் மாறியது என்று தெரியாது. வேறு வழியே இல்லாதபோது மட்டும், ஊகித்த கட்டத்துக்கு வண்ணம் இட்டு, அதன் பின் போடும் எண்களையெல்லாம் அதே வண்ணத்தில் போடுங்கள். முரண்பாடு வந்தால் அந்த வண்ணத்தை மட்டும் அழித்தால் போதும். ஊகிக்கும் இடத்தையும் தேர்ந்தெடுங்கள்: எந்தக் கட்டத்தின் விடை அக்கம்பக்கத்தில் அதிகக் கட்டங்களைத் திறக்குமோ, அதில்.

ஊகத்துக்கும் தர்க்கத்துக்கும் நடுவில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. முறையாக உருவாக்கிய சுடோகுவுக்கு விடை ஒன்றுதான். இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை, இரண்டு பெட்டிகளில் அமைந்த நான்கு காலிக் கட்டங்களும் 2, 8 என்ற இரண்டு எண்களை மட்டுமே கொண்டிருந்தால், அவற்றை இடம் மாற்றிப் போட்டு இரண்டு விடைகள் பெறலாம். அது நடக்கக் கூடாது என்பதால், நான்கில் ஒரு கட்டத்தில் மட்டும் கூடுதலாக 5-ம் சாத்தியம் என்று தெரிந்தால், அங்கே 5 தான். ஒற்றை விடைக்கு உறுதி தரும் விளையாட்டுகளில் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

படி 9: இலக்கு எண் கணக்குகளில் முதலில் அருகில் போய் நில்லுங்கள்

ஆறு எண்களைக் கொடுத்து, கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் ஓர் இலக்கை அடையச் சொல்லும் புதிர் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பிறந்தது. 1982-ல் தொடங்கிய பிரிட்டனின் கவுன்ட்டவுன் நிகழ்ச்சி அதற்கு 30 விநாடி என்ற வரம்பைப் பிரபலமாக்கியது. ஆன்லைனில் இதன் பல வடிவங்கள் இருக்கின்றன. கவுன்ட்டவுனில் சரியான விடைக்கு 10 புள்ளி. 5-க்குள் நெருங்கினால் 7. 10-க்குள் என்றால் 5. எதிராளி உங்களைவிட நெருங்கிவிடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

இலக்கு 614 என்று வைத்துக்கொள்வோம். எண்கள் 75, 50, 8, 6, 4, 3. கண் முதலில் போக வேண்டியது பெரிய பெருக்கலுக்கு: 75 × 8 = 600. மீதி 14. கையில் இருக்கும் 6, 4, 3 மூன்றையும் கூட்டினால் 13, ஆக 613. ஒன்று குறைகிறது, ஆனால் பத்து விநாடிக்குள் ஒரு நல்ல விடை கையில் வந்துவிட்டது. அதை மனத்தில் பத்திரப்படுத்திக்கொண்டு 14-ஐ மட்டும் தேடுங்கள்: 6 × 3 = 18, அதில் 4 போனால் 14. எனவே 75 × 8 + 6 × 3 − 4 = 614. 50 தேவைப்படவே இல்லை; எல்லா எண்களையும் பயன்படுத்த வேண்டும் என்று விதி சொல்லாதவரை மிச்சம் இருந்தால் பரவாயில்லை.

நெருங்கிய விடை கையில் இருக்கும்போது மனம் அமைதியாகத் தேடும். எடுத்த எடுப்பிலேயே துல்லியத்துக்குப் போகிறவர், நேரம் முடியும்போது வெறுங்கையோடு நிற்கக்கூடும்.

படி 10: 2048-ல் நேரச் சவால்

2048-ல் ஒரே எண் கொண்ட இரண்டு ஓடுகளை நகர்த்தி ஒன்றாக்கி, எண்ணை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். கேப்ரியேலே சிருல்லி 2014-ல் வெளியிட்ட மூல விளையாட்டில் கடிகாரமே கிடையாது. அதன் பிற்கால வடிவங்கள் பலவற்றில் உண்டு. இதில் என்ன சாத்தியம் என்பதைக் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். மூல விளையாட்டின் விதிப்படி ஒவ்வொரு நகர்வுக்கும் 90 சதவீத வாய்ப்பில் 2-ம், 10 சதவீத வாய்ப்பில் 4-ம் வருகின்றன, சராசரி 2.2. ஆகவே 2048 என்ற எண்ணை எட்டச் சராசரியாகச் சுமார் 930 நகர்வுகளாவது வேண்டும். விநாடிக்கு இரண்டு நகர்வு என்றால் ஏழே முக்கால் நிமிடம். ஐந்து நிமிடச் சவாலில் அதை அடைய விநாடிக்கு மூன்றுக்கு மேல் நகர்த்த வேண்டும். உங்களால் முடியாதென்றால் 1024-ஐ இலக்காகக் கொள்ளுங்கள். மிகப் பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்தி, இரண்டு திசைகளை மட்டும் மாற்றி மாற்றி நகர்த்தி, தடைப்படும்போது மட்டும் மூன்றாவது திசைக்குப் போவதே வேகத்துக்கு ஏற்ற முறை.

படி 11: பல புதிர்கள் உள்ள போட்டி

2006-ல் இத்தாலியின் லூக்கா நகரில் முதல் உலக சுடோகு போட்டி நடந்தது. ஆன்லைன் போட்டிகள் பலவற்றின் அமைப்பும் அத்தகைய போட்டிகளை ஒத்ததே: மொத்த நேரம் ஒன்று, ஒவ்வொரு புதிருக்கும் அதன் கடினத்துக்கேற்ற புள்ளி, எந்த வரிசையில் வேண்டுமானாலும் செய்யலாம்.

இங்கே நீங்கள் அறிந்திருக்க வேண்டியது உங்கள் நிமிடத்தின் மதிப்பு. 60 நிமிடம், மொத்தம் 600 புள்ளி என்றால் நிமிடத்துக்குப் பத்துப் புள்ளி என்று தோன்றும். அது எல்லாவற்றையும் முடிக்கிறவருக்கான கணக்கு. நீங்கள் வழக்கமாக 300 புள்ளி எடுக்கிறவர் என்றால் உங்கள் நிமிடத்தின் மதிப்பு ஐந்து. 40 புள்ளிப் புதிருக்கு எட்டு நிமிடம் கொடுக்கலாம்.

எட்டு நிமிடம் ஆனதும் உடனே விட்டுவிட வேண்டுமா? அந்த நேரத்தில் செலவழித்ததை மறந்துவிட்டு, மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு நிமிடத்தில் முடியும் என்று தெரிந்தால் இருங்கள். இரண்டு நிமிடத்துக்கு 40 புள்ளி என்பது அந்தப் போட்டியிலேயே சிறந்த பேரம். எங்கே திறக்கும் என்றே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே கிளம்புங்கள்.

தொடங்கியதும் ஒரு நிமிடம் எல்லாப் புதிர்களையும் மேலோட்டமாகப் பாருங்கள். உங்களுக்குக் கைவந்த வகைகளை முதலில் எடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் புதிதாகப் பெரிய புதிரைத் தொடங்காதீர்கள். சமர்ப்பித்தவற்றைச் சரிபார்க்க அது தேவைப்படும். சமர்ப்பிப்பதையும் கடைசி விநாடிக்கு விடாதீர்கள்: இணையம் மெதுவாக இருந்தால், நீங்கள் அழுத்திய நேரத்தை விட்டுவிட்டு சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையே சில போட்டிகள் கணக்கில் எடுக்கும்.

படி 12: தேங்கி நிற்கும்போது

முப்பது விநாடியாக எந்த எண்ணும் விழவில்லை என்றால் அதே இடத்தை முறைத்துப் பார்க்காதீர்கள். பார்வையின் முறையை மாற்றுங்கள்: எண்வாரியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் வரிசைவாரியாக, பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நெடுவரிசைகளை. அதுவும் பலிக்கவில்லை என்றால் கடைசியாகப் போட்ட நான்கைந்து எண்களைச் சரிபாருங்கள். திடீரென்று எல்லாம் நின்றுபோவதற்கு ஒரு தவறான எண்ணே காரணமாக இருப்பது மிகச் சாதாரணம்.

கடிகாரத்தைப் பார்ப்பதற்கும் இடம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெட்டி முழுமையாக நிரம்பியதும், அல்லது ஒரு சுற்று முடிந்ததும். ஒரு தர்க்கத்தின் நடுவில் பார்வை கடிகாரத்துக்குப் போனால், நினைவில் வைத்திருந்த இரண்டு மூன்று எண்கள் நழுவிவிடும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.

படி 13: கடிகாரம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால்

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், திரைவாசிப்பானின் துணையோடு ஆடுகிறவர்கள், புதிதாகக் கற்கும் குழந்தைகள் ஆகியோரிடம் எண் புதிரை ரசிக்கும் திறன் குறையவே இல்லை. ஆனால் ஐந்து நிமிட வரம்பு அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இது தவிர்க்கக் கூடிய அநீதி என்றே நான் கருதுகிறேன். இணைய உள்ளடக்கத்தின் அணுகல்தன்மைக்கான உலகளாவிய வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: நேர வரம்பை அணைக்கவோ, இயல்பான அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு வரை மாற்றிக்கொள்ளவோ, முடியும் முன் எச்சரிக்கை தந்து குறைந்தது 20 விநாடி அவகாசத்தில் ஓர் எளிய செயலால் நீட்டிக்கவோ வழி இருக்க வேண்டும். நீட்டிப்பு குறைந்தது பத்து முறை கிடைக்க வேண்டும். நேரலைப் போட்டி போல வரம்பே சாரமாக இருக்கும் இடங்களுக்கு விலக்கு உண்டு. தனியாக ஆடும் தினசரிச் சுடோகு பொதுவாக அந்த விலக்குக்குள் வராது.

எனவே நீங்கள் ஆடும் விளையாட்டில் டைமரை அணைக்கும் வசதி இல்லையென்றால், உருவாக்கியவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த இடத்தில் வரம்பு தடையாகிறது என்று குறிப்பாக எழுதினால் அவர்கள் திருத்துவதும் எளிது. குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறவர்கள், அது தவறில்லாமல் முடிக்கத் தொடங்கும்வரை கடிகாரத்தைக் காட்டவே வேண்டாம். பிறகும் அதன் சொந்த நடு வேகத்தைவிடத் தாராளமான வரம்பை வையுங்கள்; தொடர்ச்சியாகச் சில ஆட்டங்களில் நேரம் மிஞ்சினால் மட்டும் கொஞ்சம் குறையுங்கள்.